மணிலாவின் பேரம்

டீ வரட்டும். அதற்குள் ஒரு செய்தியை நடுவில் எடுத்து வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 30 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆன்டனி பிளிங்கனும் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டினும் மணிலாவில் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் படைகளை நவீனப்படுத்த 50 கோடி டாலர் ராணுவ உதவி என்று அறிவிப்பு வந்தது. படிக்கிற யாருக்கும் முதலில் எழும் கேள்வி, இவ்வளவு பணத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எதற்காகத் தூக்கிக் கொடுக்கிறது என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கூட்டாளி நாடுகள் இரண்டு இப்படி மேசையில் உட்காரும்போது உண்மையில் எதற்காக மல்லுக்கட்டுகின்றன என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. தொகை அதில் ஒரு பகுதி. மீதியெல்லாம் சட்டம். எவர் கொடி பறக்கும், எவர் ஆணை செல்லும், தவறு செய்த சிப்பாயை எந்த நாட்டுச் சிறையில் அடைப்பார்கள் என்ற சங்கதிகள். அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் இதை 1947 முதல் பேசிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். அந்த 50 கோடி டாலர் மணிலாவின் கஜானாவுக்கு வந்து சேர்வதில்லை. வெளிநாட்டு ராணுவ நிதியுதவி என்று அமெரிக்காவில் ஒரு திட்டம் இருக்கிறது. பணம் அங்கேயே ஒரு கணக்கில் கிடக்கும். பிலிப்பைன்ஸ் தனக்கு வேண்டியதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதும். விலை, தவணை, கெடு எல்லாம் போட்டு அமெரிக்க அரசு ஒரு பதில் கடிதம் தரும். அதில் கையெழுத்துப் போட்டால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் நாட்டு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்கும். தீபாவளிக்குத் துணிக்கடை தரும் பரிசுக் கூப்பன் மாதிரிதான். உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் அதே கடையில்தான் எடுக்க வேண்டும். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கொடுத்த நாட்டின் தொழிற்சாலைகளுக்கே திரும்பிப் போகிறது. இதில் மறைக்க எதுவும் இல்லை. அமெரிக்க அதிகாரிகளே தங்கள் காங்கிரஸில் இதைச் சொல்லித்தான் ஆதரவு கேட்பார்கள்.

புதிதாக வாங்குவது ஒரு வழி. உபரியானதைக் கைமாற்றுவது இன்னொரு வழி. 1967இல் சேவைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய 'ஹாமில்டன்' என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலை 2011இல் பிலிப்பைன்ஸ் பெற்றுக்கொண்டது. அதற்கு 'கிரிகோரியோ டெல் பிலார்' என்று பெயர் சூட்டி, தன் கடற்படையின் மிகப் பெரிய போர்க்கப்பலாக நிறுத்தியது. மறு வருஷம் ஏப்ரலில் தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டில் சீனப் படகுகளோடு உரசல் வந்தபோது முதலில் அனுப்பப்பட்டது இந்தக் கப்பல்தான். அறுபதுகளில் கட்டிய ஒரு கப்பல் 2012இல் ஒரு நாட்டின் முகமாக நிற்க வேண்டியிருந்தது என்றால், அந்த நாடு எந்த நிலையில் பேச்சுக்கு உட்காருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி 1947க்குப் போவோம். பேரத்தின் வேர் அங்கேதான்.

1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் தந்தது. அப்போது மணிலா இடிபாடாகக் கிடந்தது. ஜப்பானியரை விரட்டிய சண்டையில் நகரமே தரைமட்டமாகியிருந்தது. மீண்டும் எழ அமெரிக்கா 62 கோடி டாலருக்கு ஒரு மறுவாழ்வுச் சட்டம் போட்டது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: அமெரிக்கா விரும்பிய வர்த்தக உடன்படிக்கை அமலுக்கு வரும்வரை 500 டாலருக்கு மேற்பட்ட எந்தப் போர் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் முழுப் பணம் கிடையாது. அந்த வர்த்தக ஏற்பாட்டின்படி, நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்குச் சமமான உரிமை தர வேண்டும். அதற்கு அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். 1947 மார்ச் 11 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தித் திருத்தினார்கள். மார்ச் 14 அன்று ராணுவத் தளங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் 21 அன்று ராணுவ உதவி ஒப்பந்தம். பத்தே நாளில் வளம், நிலம், படை மூன்றும். வீடிழந்து நிற்பவனிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பேரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தள ஒப்பந்தத்தின் ஆயுள் 99 ஆண்டு. கிளார்க் விமானப்படைத் தளம், சூபிக் விரிகுடாக் கடற்படைத் தளம் உட்படப் பதினாறு இடங்கள் உடனே. இன்னும் ஏழு இடங்கள் அமெரிக்கா கேட்கும்போது. தளத்துக்குள் நடக்கும் குற்றத்தில் இரு தரப்பும் பிலிப்பினோக்களாக இருந்தாலொழிய, பெரும்பாலும் விசாரிக்கும் உரிமை அமெரிக்காவுக்கே. உதவி ஒப்பந்தம் இன்னும் நுட்பமானது. பிலிப்பைன்ஸ் படைக்கு ஆலோசனை சொல்லவும் பயிற்சி தரவும் அமெரிக்க அதிகாரிகள் குழு ஒன்று மணிலாவில் அமர்ந்தது. அமெரிக்கா சம்மதிக்காமல் வேறு நாட்டிடம் ஆயுதம் வாங்குவதோ, வேறு நாட்டுப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதோ கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். பயிற்சி என்பது துப்பாக்கி பிடிக்கச் சொல்லித்தருவதோடு நின்றுவிடாது என்பதற்கு இது சாட்சி. எந்த ரவை, எந்த வானொலிக் கருவி, எந்தக் கையேடு என்று பழகிய படை, உதிரிபாகத்துக்கும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

1951இல் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. 1966இல் 99 ஆண்டு வெட்டப்பட்டு, 1991இல் முடியும்படி ஆனது. இந்தத் தேதியை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜனாதிபதி பெர்டினாண்ட் மார்கோஸ் காலத்தில் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்தது. தளங்களுக்குத் தருவது வாடகை என்று மணிலா சொன்னது. அது வாடகை கிடையாது, உதவி என்று வாஷிங்டன் சொன்னது. வீண் வாதம் போலத் தோன்றும், ஆனால் வித்தியாசம் பெரிது. வாடகை என்றால் கடமை; கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லலாம். உதவி என்றால் ஒவ்வொரு வருஷமும் அமெரிக்க காங்கிரஸ் ஓட்டுப் போட்டு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் கேட்க ஆளில்லை. 1979இல் தளங்களின் மேல் பிலிப்பைன்ஸ் கொடி ஏறியது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் ஆனது. பணத்தைப் பொறுத்தவரை, ஐந்து ஆண்டில் 50 கோடி டாலர் கிடைக்க முடிந்தவரை முயல்வோம் என்று ஜனாதிபதி கார்ட்டரின் கடிதம் மட்டுமே கிடைத்தது. 1983இல் அது 90 கோடியாக உயர்ந்தது. அதிலும் 30 கோடி, ஆயுதம் வாங்கத் தரும் கடன். அமெரிக்க ஜனாதிபதி உறுதி தர முடியாது, காங்கிரஸ்தான் தர முடியும். ஆகவே முயல்வோம் என்பதைத் தாண்டி அவரால் எழுதித் தர இயலாது. அமெரிக்காவோடு பேச உட்காரும் எந்த நாடும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் சாவி இல்லை.

மணிலாவிலும் இப்படிச் சாவியை வேறொருவர் கையில் கொடுத்தால் என்ன? 1987 அரசியல் சாசனம் அதைத்தான் செய்தது. மார்கோஸ் விழுந்து, கொராசோன் அகினோ வந்து, புதிதாக எழுதிய சாசனத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது: 1991க்குப் பிறகு அந்நியப் படைத்தளமோ துருப்புகளோ நாட்டில் இருக்க வேண்டுமானால் செனட் ஒப்புதலோடு ஓர் உடன்படிக்கை வேண்டும், எதிர்த்தரப்பும் அதை உடன்படிக்கையாகவே ஏற்க வேண்டும். இந்த ஒரு பிரிவுதான் பிலிப்பைன்ஸின் கையில் கிடைத்த மிகப் பெரிய ஆயுதம் என்பது என் கருத்து. எந்தக் கப்பலும் ஏவுகணையும் அதற்கு ஈடில்லை.

1991 வந்தது. ஜூன் 15 அன்று பினாட்டுபோ எரிமலை வெடித்தது. கிளார்க் தளம் சாம்பலில் புதைந்தது. அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டார்கள். மிஞ்சியது சூபிக். ஆகஸ்டு 27 அன்று கையெழுத்தான புதிய உடன்படிக்கை, சூபிக்கை இன்னும் பத்து ஆண்டு வைத்துக்கொள்ள வருஷத்துக்கு 20 கோடியே 30 லட்சம் டாலர் என்றது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குப் பேசியிருந்த தொகை வருஷத்துக்கு 48 கோடியே 10 லட்சம். ஜனாதிபதி அகினோ தானே ஆதரவு ஊர்வலம் போய் செனட்டிடம் கேட்டுக்கொண்டார். செப்டம்பர் 16 அன்று வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டிய இடத்தில் 11 பேர் ஆதரித்தார்கள், 12 பேர் எதிர்த்தார்கள். செனட் தலைவர் ஜோவிதோ சலோங்காவின் ஓட்டும் எதிர்ப்பில்தான் விழுந்தது. 1992 நவம்பர் 24 அன்று கடைசி அமெரிக்கப் படைகள் சூபிக்கை விட்டுக் கிளம்பின.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்ததை மறைக்கக் கூடாது. உதவி சரிந்தது. சூபிக் வாசலில் இருக்கும் ஓலோங்கப்போ நகரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்புப் போனது. 1995இல் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியது தெரியவந்தது. விரட்டத் தகுந்த கப்பலும் விமானமும் பிலிப்பைன்ஸிடம் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேர்தான் சீனாவுக்குக் கதவைத் திறந்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளார்க்கை மூடியது எரிமலை. பனிப்போர் முடிந்ததும் அமெரிக்கா தன் கையைச் சுருக்கியது. 'வேண்டாம்' என்று ஒரு முறை உண்மையாகவே சொன்ன நாட்டிடம் அடுத்த முறை பேசுகிறவர் வேறு தொனியில் பேசுவார். பிந்தைய வருஷங்கள் அதைக் காட்டின.

படை உறவு மீண்டும் தொடங்கியது பயிற்சியின் வழியாக. 1998இல் வருகைப் படைகள் ஒப்பந்தம் கையெழுத்தானது. தளம் கிடையாது, அமெரிக்கப் படையினர் வருவார்கள், சேர்ந்து பயிற்சி செய்வார்கள், போய்விடுவார்கள். 1999 மே மாதம் செனட் இதை 18க்கு 5 என்று ஏற்றது. 1991இல் எதிர்த்து ஓட்டுப்போட்ட பன்னிரண்டு பேரில் ஒருவரான ஜோசப் எஸ்ட்ராடாதான் இப்போது ஜனாதிபதி. அவரே இதை முன்நின்று நிறைவேற்றினார். கொள்கை மாறிவிட்டார் என்று திட்டினார்கள். மிஸ்சீஃப் திட்டுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வேறு வழி அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சிக்கான பேரம் எவ்வளவு நுணுக்கமாக நடக்கும் என்பதற்கு 2002 பசிலான் தீவு நல்ல உதாரணம். அபு சயாஃப் தீவிரவாதக் குழுவை ஒடுக்க, பாலிகத்தான் கூட்டுப் பயிற்சி என்ற பெயரில் 660 அமெரிக்கர்கள் வந்தார்கள். பயிற்சித் திடலில் சுடுவது வேறு. எதிரி உண்மையிலேயே எதிரே இருக்கும் காட்டில் 'பயிற்சி' வேறு. துணை ஜனாதிபதியாகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த டியோஃபிஸ்டோ கிங்கோனாவுக்கு இது உறுத்தியது. விதிமுறைகளை எழுதாமல் தொடங்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டார். கடைசியில் எழுதிய விதிகள் இப்படி: பயிற்சி முழுவதும் பிலிப்பைன்ஸ் படைத்தலைவரின் அதிகாரத்தின் கீழ், ஒவ்வொரு நாட்டுச் சிப்பாய்க்கும் அந்தந்த நாட்டு அதிகாரியே ஆணையிடுவார், அமெரிக்கர்கள் எங்கும் தனியாக இயங்கக் கூடாது, தற்காப்புக்கு அன்றிச் சண்டையில் இறங்கக் கூடாது, ஆறு மாதம்தான். உச்ச நீதிமன்றத்துக்கும் வழக்குப் போனது. பயிற்சி செல்லும், சண்டையில் இறங்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். கிங்கோனா அந்த ஜூலையில் வெளியுறவுப் பதவியை விட்டார். ஆனாலும் ஒரு சின்ன நாட்டு அமைச்சர் 'முதலில் எழுதுங்கள், பிறகு இறங்குங்கள்' என்று வற்புறுத்தியதால் கிடைத்த வரிகள் அவை. அவருக்கு உரிய மரியாதை அவர் நாட்டிலேயே கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

பயிற்சிக்கு ஆளையும் சும்மா சேர்த்துக்கொள்வதில்லை. அமெரிக்க லீஹி சட்டப்படி, மனித உரிமைகளைக் கொடூரமாக மீறியதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள பிரிவுக்கு உதவியோ பயிற்சியோ கிடையாது. போகிறவரின் பெயரும் பிரிவும் முன்கூட்டியே சரிபார்க்கப்படும். கொடுப்பவருக்கு இது ஒரு கடிவாளம், பெறுபவருக்கு ஒரு முள். சாதாரண ஜனங்களுக்கோ, சில வேளைகளில் இருக்கிற ஒரே பாதுகாப்பு.

இனி, நான் முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்ன சங்கதி: தவறு செய்த சிப்பாய் எந்தச் சிறையில்? 2005இல் சூபிக்கில் ஒரு பிலிப்பினோ பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக அமெரிக்க மரைன் படையினர் மீது வழக்கு வந்தது. 2006 டிசம்பர் 4 அன்று மகாத்தி நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்த்து, உள்ளூர்ச் சிறையில் அடைக்கச் சொன்னது. அமெரிக்கா மறுத்தது: மேல்முறையீடு முடியும்வரை காவல் எங்களுடையது என்று ஒப்பந்தத்தைக் காட்டியது. அடுத்த வருஷக் கூட்டுப் பயிற்சியை ரத்து செய்வதாகவும் அறிவித்தது. டிசம்பர் 29 இரவு அந்தச் சிப்பாயைச் சிறையிலிருந்து எடுத்து அமெரிக்கத் தூதரகத்துக்குக் கொண்டுபோனார்கள். பயிற்சி மீண்டும் நடந்தது. ஒரு பெண்ணின் வழக்கும் ஒரு நாட்டின் பயிற்சியும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. 2009இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம், தண்டனை பெற்றவரைத் தூதரகத்தில் வைப்பது ஒப்பந்தத்துக்கே பொருந்தாது, இரு அரசுகளும் பிலிப்பைன்ஸ் அதிகாரிகளின் கீழுள்ள ஓர் இடத்தைப் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்றது. சில வாரங்களில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.

2014 அக்டோபரில் ஓலோங்கப்போவில் ஒரு திருநங்கை கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் ஒரு மரைன். இந்த முறை அவரைத் தூதரகத்தில் ஒளிக்க முடியவில்லை. மணிலா பெருநகரில் பிலிப்பைன்ஸ் படைத் தலைமையகமான கேம்ப் அகினால்டோவுக்குள் ஒரு சரக்குப் பெட்டக அறையில் வைத்தார்கள். உள்ளே அமெரிக்கக் காவலர், வெளியே பிலிப்பைன்ஸ் வளாகம். 2015இல் தண்டனை கிடைத்தது, அதே வளாகத்தில்தான் அனுபவித்தார். முழு நீதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு ஆண்டில் காவல் தூதரகத்திலிருந்து கேம்ப் அகினால்டோவுக்கு நகர்ந்தது. எந்த உதவித் தொகையைவிடவும் எனக்கு அது பெரிய வெற்றி.

அதே 2014 ஏப்ரலில் கையெழுத்தான விரிவான பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம், பிலிப்பைன்ஸ் தளங்களில் சில இடங்களை அமெரிக்கப் படைகளுக்குத் திறந்தது. முதலில் ஐந்து, 2023இல் இன்னும் நான்கு. அவற்றில் ககாயான், இசபெலா மாகாணங்களில் உள்ளவை தைவானை நோக்கிய வடக்கு லூசானில் இருப்பது தற்செயல் இல்லை. தளம் பிலிப்பைன்ஸுடையது, அமெரிக்கர் எழுப்பும் கட்டடங்கள் கடைசியில் பிலிப்பைன்ஸுக்கே சேரும், அணு ஆயுதம் கூடாது. 1947ஓடு ஒப்பிட்டால் எவ்வளவோ தூரம். ஆனால் வாடகை ஒரு காசும் கிடையாது. 1991இல் தள்ளியது வருஷத்துக்கு 20 கோடி. 2014இல் கேட்டது பூஜ்யம். அதோடு, நிர்வாக உடன்பாடு என்று சொல்லி செனட்டின் பக்கம் போகாமலே முடித்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் 10க்கு 4 என்று அனுமதித்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். தன் கையிலிருந்த சிறந்த ஆயுதத்தை மணிலா தானே உறையில் போட்டுக்கொண்டது என்றுதான் நான் பார்க்கிறேன்.

செனட் இல்லாத இடத்தில் தனிமனிதர் வருவார். தன் நெருங்கிய கூட்டாளியான செனட்டர் ரொனால்ட் டெலா ரோசாவின் அமெரிக்க விசா ரத்தானதும், 2020 பிப்ரவரியில் ஜனாதிபதி ரோட்ரிகோ டுடெர்டே வருகைப் படைகள் ஒப்பந்தத்தை முறிக்க 180 நாள் நோட்டீஸ் கொடுத்தார். பிறகு அதை நிறுத்தி வைத்தார், மீண்டும் நிறுத்தி வைத்தார், அமெரிக்கா பணம் தர வேண்டும் என்று மேடையில் பேசினார், 2021 ஜூலையில் ஆஸ்டின் மணிலா வந்தபோது திரும்பப் பெற்றார். ஒன்றரை ஆண்டு ஊசலாட்டத்தில் கொஞ்சம் தடுப்பூசி வந்தது. சட்டத்தை உரமாக்கும் ஒரு வரிகூட வந்ததாகத் தெரியவில்லை. கோபத்தில் மிரட்டுவதும் சாசனத்தின் பேரில் மறுப்பதும் ஒன்றாகாது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். வேறு நாட்டிடம் ஆயுதம் வாங்க அமெரிக்கச் சம்மதம் கேட்ட அதே நாடு, 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. சொந்தப் பணத்தில் வாங்கியது. அதே வருஷம் ஜூலையில் ஜப்பானோடு பரஸ்பரப் படை வருகை ஒப்பந்தமும் கையெழுத்தானது. பல கடைகளில் கணக்கு வைத்திருப்பவரிடம் ஒரு கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்ல யோசிப்பார்.

ஆனாலும் ஒரு ஷரத்து அப்படியே கிடக்கிறது. வருகைப் படைகள் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கச் சிப்பாய், அமெரிக்கா கேட்டால், வழக்கு முடியும்வரை அமெரிக்கக் காவலில்தான் இருப்பார். பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்காவிட்டால், அவரை ஆஜர்படுத்தும் கடமை அமெரிக்காவுக்கு இல்லாமல் போகும். நீதிமன்றங்களில் வழக்குகள் நகரும் வேகம் நமக்குத் தெரியாததில்லை. ஐம்பது கோடி டாலருக்கு நன்றி சொல்லிக் கைகுலுக்குவதற்கு முன்பே மணிலா இந்த ஓராண்டுக் கெடுவை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறையாவது முதலில் அதைக் கேட்கட்டும்.